'தடைசெய்கிறவன்' யார்? விவாதத்துக்கு உட்காருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடைப்பட்ட எங்கள் பகுதியில் ஒரே தெருவில் சி.எஸ்.ஐ. ஆலயமும் கத்தோலிக்கக் குருசடியும் பெந்தெகொஸ்தே சபையும் இருப்பது புதுமையல்ல. ஒரே வீட்டில் தமிழ் வேதாகமமும் மலையாள வேதாகமமும் இருப்பதும் புதுமையல்ல. கடைசிக்காலத்தைப் பற்றிய செய்தி என்று அறிவித்துவிட்டால் இங்கே பந்தல் நிறைந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு சாயாக்கடையிலும் வாலிபர் ஐக்கியத்திலும் தொடர்கிற விவாதங்களில் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற கேள்வி ஒன்று உண்டு: 2 தெசலோனிக்கேயர் 2-ஆம் அதிகாரத்தில் வருகிற 'தடைசெய்கிறவன்' யார்?

அந்தப் பகுதி சொல்வது சுருக்கமானது. கேட்டின் மகனாகிய பாவமனுஷன், அதாவது கடைசிக்காலத்தில் தேவனுக்கு எதிராக எழும்புகிறவன், வெளிப்படாதபடி ஏதோ ஒன்று இப்போது தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தடை விலகும்போது அவன் வெளிப்படுவான். 6-ஆம் வசனம் 'தடைசெய்கிறது' என்று அஃறிணையில் பேசுகிறது. 7-ஆம் வசனம் 'தடைசெய்கிறவன்' என்று ஆண்பாலுக்கு மாறுகிறது. கிரேக்க மூலத்திலும் இதே மாற்றம் உண்டு. பெயர் எங்கும் இல்லை. பவுல் எழுதியதாகவே கொண்டால் இந்த நிருபம் கி.பி. 50, 51 வாக்கில் எழுதப்பட்டது. பெயர் சொல்லப்படாத ஒருவரைப் பற்றி ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரே மாலையில் முடிவு கட்டிவிடும் அவசரம் தணியும்.

முதல் தவறு, பெயரிலிருந்து தொடங்குவது. என் தாத்தாவின் வேதாகமம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் இந்த அதிகாரத்தின் ஓரத்தில், பாவமனுஷன் என்ற சொல்லுக்கு நேராக, பென்சிலில் 'முசோலினி' என்று எழுதி அடித்திருக்கிறார். அதற்குக் கீழே 'ஹிட்லர்' என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார். அதற்கும் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. அடித்த கோடுகள் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தமானவை. அந்தக் கேள்விக்குறியை நான் மதிக்கிறேன். செய்தித்தாளில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு வசனத்துக்குள் அதைத் தேடுகிறவர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் மண்ணுக்குப் போன பிறகும் வசனம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகரத்து ஆயர் ஐரெனேயு, வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்துக்குச் சொல்லும் 666 என்ற இலக்கத்துக்குப் பொருந்தக்கூடிய சில பெயர்களைச் சொல்லிவிட்டு, எந்தப் பெயரையும் உறுதியாக அறிவிக்கத் துணியாமல், தீர்க்கதரிசனம் நிறைவேறும்வரை காத்திருப்பதே பாதுகாப்பானது என்று எச்சரித்தார். சில பிரதிகளில் அந்த இலக்கம் 616 என்றே இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது, எங்களைப் போன்ற தமிழ் வாசகர்கள் எளிதில் செய்யக்கூடிய தவறு. அதனாலேயே இதை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வேதபாட வகுப்பில் ஒரு சகோதரர் எழுந்து, "தடைசெய்கிறவன் என்றுதான் போட்டிருக்கிறது, தடைசெய்கிறவர் என்று போடவில்லை, ஆகவே இது பரிசுத்த ஆவியானவராக இருக்க முடியாது" என்றார். பலரும் தலையசைத்தார்கள். கேட்க வலுவான வாதம்தான். ஆனால் கிரேக்கத்தில் அவன், அவர் என்ற வேறுபாடு கிடையாது. ஆண்பால் ஒருமை ஒன்றே உண்டு. அது திருடனுக்கும் வரும், தேவனுக்கும் வரும். அதைத் தமிழில் 'அன்' விகுதியில் முடிப்பதா 'அர்' விகுதியில் முடிப்பதா என்பதை மொழிபெயர்ப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்கிறபோதே அந்த நபர் யார் என்பதைப் பற்றியும் அவர் ஒரு கருத்துக்கு வந்துவிடுகிறார். நாமோ அந்தக் கருத்தையே மூலத்தின் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம்.

இதைவிடத் தெளிவான உதாரணம் வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் 6:2-இல் வெள்ளைக்குதிரையின்மேல் 'ஏறியிருந்தவன்' வருகிறான். 19:11-இல் வெள்ளைக்குதிரையின்மேல் 'ஏறியிருந்தவர்' வருகிறார். தமிழில் வாசிக்கிறவருக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதில் சந்தேகமே எழாது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். இரண்டாமவர் கிறிஸ்து என்பதை அந்தப் பகுதியே 'தேவனுடைய வார்த்தை' என்று பெயர் சொல்லி விளக்கிவிடுகிறது. முதலாமவர் யார் என்பதில்தான் சிக்கல். ஐரெனேயு அவரையும் கிறிஸ்து என்றே எடுத்துக்கொண்டார். இன்றைக்குப் பிரசங்கிக்கிறவர்களில் பலர் அவனை அந்திக்கிறிஸ்து என்கிறார்கள். இருவரும் வேறானவர்கள் என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன: முதலாமவருக்குக் கொடுக்கப்படுவது வெற்றிபெற்றவர் சூடும் வாகை, இரண்டாமவர் தலையில் இருப்பவை அரசர்களின் முடிகள், கிரேக்கத்தில் இவை வெவ்வேறு சொற்கள், முதலாமவர் கையில் வில், இரண்டாமவர் வாயில் பட்டயம். வாதிடுகிறவர் இந்தக் காரணங்களைச் சொல்ல வேண்டும். தமிழ் விகுதியைக் காரணமாகக் காட்டக் கூடாது.

எல்லையில் வாழ்கிற நமக்கு இதைச் சரிபார்க்கக் கிரேக்கம் படிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. பக்கத்து அலமாரியில் இருக்கிற மலையாள சத்தியவேத புஸ்தகத்தை எடுத்து விரித்தால் போதும். அதில் இயேசுவைக் குறிக்கும்போதும் 'அவன்' என்ற வடிவமே வருகிறது. குதிரைமேல் இருக்கிற இருவருமே 'இரிக்குந்நவன்'தான். பாறசாலையில் மலையாளத்தில் வேதம் வாசித்துப் பழகிய ஒரு சகோதரி இதை எங்கள் வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டியபோது, அதுவரை மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

அதே சகோதரி 2 தெசலோனிக்கேயர் 2:7-ஐயும் வாசித்தார். தமிழில் தடைசெய்கிறவன் 'நடுவிலிருந்து நீக்கப்படுமுன்னே' என்று இருக்கிறது. நீக்கப்படுதல் என்றால் நீக்குகிறவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, தேவன் சபையை எடுத்துக்கொள்ளும்போது ஆவியானவரும் எடுக்கப்படுவார் என்று முழு வரைபடமே போட்டுவிடுகிறார்கள். மலையாளத்தில் 'நீங்ஙிப்போக' என்று இருக்கிறது, அதாவது விலகிப்போவது. கிரேக்கத்திலும் நடுவிலிருந்து அகல்வது என்பதுதான் இருக்கிறதே தவிர, அகற்றுகிறவர் யார் என்பது சொல்லப்படவில்லை. அந்த வாக்கியமே பாதியில் தொக்கி நிற்கிறது. 'அது வெளிப்படாது' என்ற தமிழ்ச் சொற்கள் பொருள் முடிவதற்காகச் சேர்க்கப்பட்டவை. இதனால் அந்த வரைபடம் தவறு என்று ஆகிவிடாது. ஆனால் அதற்கு வேறு இடத்திலிருந்து ஆதாரம் கொண்டுவர வேண்டும்.

'தடை' என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே கிரேக்க வினைச்சொல்தான் 1 தெசலோனிக்கேயர் 5:21-இல் 'நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று வருகிறது. ரோமர் 1:18-இல் சத்தியத்தை 'அடக்கிவைக்கிற' மனுஷர் என்று வருகிறது. பிடித்துக்கொள்வது, அடக்கிவைப்பது, தடுத்து நிறுத்துவது ஆகிய எல்லாம் அந்தச் சொல்லின் எல்லைக்குள் அடங்கும். தடுக்கிறவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம்கூட நாமாகக் கொண்டுவருவதுதான்.

'அந்திக்கிறிஸ்து' என்ற சொல்லில் இன்னொரு குழி இருக்கிறது. அந்தி மயங்கும் நேரம் என்று சொல்லிப் பழகிய நமக்கு, அந்தியில் வருகிறவன், அதாவது கடைசிக்காலத்தில் வருகிறவன், என்று அந்தச் சொல் தானாகவே பொருள் தந்துவிடுகிறது. பிரசங்க மேடையிலேயே இப்படி விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 'அந்தி' தமிழ்ச் சொல்லே அல்ல. எதிராக, பதிலாக என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டின் ஒலிபெயர்ப்பு அது. எதிர்க்கிறிஸ்து என்று சொன்னால் இந்தக் குழப்பம் வராது. மேலும் அந்தச் சொல் யோவானின் முதலாம், இரண்டாம் நிருபங்களில் மட்டுமே வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு முறைகூட இல்லை. அது வருகிற இடத்திலும் 'அநேக அந்திக்கிறிஸ்துகள்' ஏற்கெனவே இருக்கிறார்கள் என்றுதான் யோவான் எழுதுகிறார். தானியேலின் சின்னக் கொம்பு, பவுலின் பாவமனுஷன், யோவானின் அந்திக்கிறிஸ்து, வெளிப்படுத்தலின் மிருகம் எல்லாம் ஒரே ஆள் என்பது ஒரு முடிவுரை. அதைக் கடைசியில் நிரூபித்துக் காட்டலாம். தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பகுதியும் தன் குரலை இழந்துவிடும்.

தன் சபையின் விளக்கத்தை ஆதிமுதல் எல்லாரும் நம்பிய விளக்கம் என்று சொல்வதும் தவறு. ஆதிச்சபை எழுத்தாளர் டெர்த்துல்லியன் ரோம சாம்ராஜ்யமே அந்தத் தடை என்றார். நான்காம் நூற்றாண்டில் பிரசங்கியார் கிறிசோஸ்தோமும் அதையே ஏற்றார். ஆவியானவராக இருந்தால் பவுல் வெளிப்படையாகவே சொல்லியிருப்பார், சாம்ராஜ்யம் விழும் என்று எழுதுவது ஆபத்து என்பதால்தான் மறைத்துச் சொன்னார் என்பது அவர் காட்டிய காரணம். சீர்திருத்தவாதி கால்வின், சகல ஜாதிகளுக்கும் சுவிசேஷம் போய்ச்சேருவதே தடை என்றார். தானியேலில் வருகிற தூதன் மிகாவேலே தடைசெய்கிறவன் என்போரும் உண்டு. சபையில் வாசம்பண்ணுகிற ஆவியானவர் என்ற விளக்கம் நம் கூட்டங்களில் பரவலாகக் கேட்கப்படுவதற்கு, 19-ஆம் நூற்றாண்டில் பிரதரன் சபைப் போதகர் டார்பி வகுத்த போதனை முறையும் 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் விளக்கக் குறிப்புகளும் பெரிய காரணம். ஒவ்வொன்றுக்கும் ஓட்டை உண்டு. மேற்கு ரோமம் 476-இலும் கான்ஸ்டாண்டிநோபிள் 1453-இலும் விழுந்தன, பாவமனுஷன் எங்கே என்ற கேள்வி முதல் விளக்கத்துக்கு. மிகாவேல் அக்காலத்திலே 'எழும்புவான்' என்கிறது தானியேல் 12:1. விலகுகிறவன் எப்படி எழும்புவான் என்ற கேள்வி அந்த விளக்கத்துக்கு. தெசலோனிக்கேயில் இதை முதன்முதல் கேட்டவர்களின் காதில் ரோம ஆட்சியின் ஒழுங்குதான் முதலில் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம். இன்னொருவரை இதற்குக் கட்டாயப்படுத்தமாட்டேன். சபைப்பிதா அகுஸ்தீன் 'கடவுளின் நகரம்' நூலின் 20-ஆம் புத்தகத்தில், பவுல் சொன்னது இன்னதென்று தனக்குத் தெரியவில்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். 5-ஆம் வசனத்தைப் பாருங்கள்: நான் உங்களிடத்தில் இருந்தபோது சொன்னது ஞாபகமில்லையா என்று பவுல் கேட்கிறார். அவர்கள் நேரில் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை.

பாப்பரசரைப் பாவமனுஷன் என்று சீர்திருத்தக் காலத்தவர் சொன்னதையும், பிரஸ்பிட்டேரியன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1647-இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை அப்படி எழுதியதையும் எடுத்துக்காட்டி இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் பல பிரஸ்பிட்டேரியன் சபைகள் அந்த வரியை மாற்றிக்கொண்டன என்பதை அவர்கள் சொல்வதில்லை. ஒலிபெருக்கியில் இதைச் சொல்லும்போது அடுத்த வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறவர், நேற்று நம் வீட்டுத் துக்கத்தில் பெட்டிக்குத் தோள்கொடுத்தவராக இருப்பார்.

என்னை மிகவும் வருத்துகிற தவறு, இந்த அதிகாரத்தைப் பயமுறுத்தப் பயன்படுத்துவது. தெசலோனிக்கே சபையார் ஒரு வதந்தியால் நிலைகுலைந்திருந்தார்கள். கிறிஸ்துவின் நாள் 'சமீபமாயிருக்கிறது' என்று பழைய தமிழ் சொல்கிற இடத்தில் இருக்கிற கிரேக்க வினை, ரோமர் 8:38-இல் 'நிகழ்காரியங்கள்' என்று வருகிற அதே வினை. ஆகவே அந்த நாள் வந்தேவிட்டது என்பதுதான் அவர்கள் கேட்ட வதந்தி. அது பவுலிடமிருந்து வந்ததாகத் தோன்றுகிற ஒரு கடிதத்தின் மூலமாகக்கூட வந்திருக்கலாம் என்று 2-ஆம் வசனமே சொல்கிறது. யார் எழுதியது என்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வருகிறது. சஞ்சலப்படாமலும் கலங்காமலும் இருங்கள் என்று சொல்லத்தான் பவுல் தடைசெய்கிறவனைப் பற்றியே பேச்செடுக்கிறார்.

போன வருஷம் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த எங்கள் பெரியம்மை, "மக்களே, அந்தத் தடை போனா மறுநாளே எல்லாம் தீந்துருமா? எனக்கு ரெண்டு ராத்திரியா உறக்கமே இல்ல" என்றார். பிரசங்கியார் எந்த வசனத்தோடு நிறுத்தினார் என்று கேட்டேன். சத்தியத்தை விசுவாசியாமல் அநீதியில் பிரியப்படுகிறவர்கள் ஆக்கினைக்குள்ளாவார்கள் என்கிற 12-ஆம் வசனத்தோடு நிறுத்தியிருக்கிறார். அதிகாரம் 17-ஆம் வசனத்தில்தான் முடிகிறது. மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். 'நித்திய ஆறுதலையும் நல்நம்பிக்கையையும்' என்ற இடத்துக்கு வந்ததும், விரலை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு, மறுபடியும் 13-ஆம் வசனத்திலிருந்து தானே வாசிக்கத் தொடங்கினார்.