'அஹெட் ஆஃப் இட்ஸ் டைம்': காலத்தை முந்தியவற்றை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

1994-ல் ஐபிஎம் சைமன் என்றொரு போன் விற்பனைக்கு வந்தது. தொடுதிரை உண்டு, மின்னஞ்சல் அனுப்பலாம், நாட்காட்டியும் பார்க்கலாம். ஸ்மார்ட்போன் என்ற பெயரே பரவாத காலம் அது. இந்தப் போனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொல்ல ஒரு மரபுத்தொடர் இருக்கிறது: 'த சைமன் வாஸ் அஹெட் ஆஃப் இட்ஸ் டைம்.' காலத்தை முந்திப் பிறந்தது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. ஆனால் புதிதாகக் கற்பவர்கள் சில இடங்களில் இதில் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: பொருந்துகிறதா என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். நன்றாக இருக்கிறது, புதுமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்தத் தொடரைப் போடக் கூடாது. இதற்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஒன்று அந்தப் பொருள், இன்னொன்று அது பிறந்த காலம். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: அந்தக் காலத்திடம் எது இல்லாமல் போனது?

ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1837-லேயே பகுப்பாய்வு எந்திரம் ஒன்றின் வடிவமைப்பை விவரித்தார். எண்களைச் சேமிக்கத் தனி இடம், கணக்குப் போடத் தனி இடம், கட்டளை கொடுக்கத் துளையிட்ட அட்டைகள். இன்றைய கணினியின் எலும்புக்கூடு அதில் அப்படியே தெரிகிறது. ஆனால் அவர் கையில் இருந்தவை பல்சக்கரங்கள்தான், மின்னணுவியல் அல்ல. போதிய பணமும் கிடைக்கவில்லை. 1871-ல் அவர் இறந்தபோதும் எந்திரம் முழுமை பெறவில்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதல்லவா? தொடர் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

கருவிகளுக்கு மட்டுமல்ல, கருத்துகளுக்கும் இது பொருந்தும். 1847-ல் வியன்னாவின் பிரசவ வார்டு ஒன்றில், மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்றார் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பெரும்பாலான மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற அறிவு அன்று நிலைபெற்றிருக்கவில்லை. அந்தக் காலத்திடம் இல்லாமல் போனது அதுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

இன்னொன்று: தோற்றுப்போனதெல்லாம் காலத்தை முந்தியது ஆகிவிடாது. மோசமாகச் செய்த பொருளும் தோற்கும். அதற்கு இந்தத் தொடரைச் சூட்ட வேண்டாம்.

படி 2: 'இட்ஸ்' என்பதை ஆளுக்கு ஏற்ப மாற்றுங்கள்

பொருளுக்கு இட்ஸ், ஆணுக்கு ஹிஸ், பெண்ணுக்கு ஹெர், பலருக்கு தேர். தமிழில் 'அவர்' என்றால் ஆண், பெண் இருவருக்கும் ஆகிவிடும், அதனால் நமக்கு இங்கே கை தடுமாறும். பாபேஜின் எந்திரத்தைப் பற்றி 1843-ல் குறிப்புகள் எழுதிய ஏடா லவ்லேஸ், அது எண்களைத் தாண்டி இசைகூட அமைக்கக்கூடும் என்று யோசித்தவர். அவரைப் பற்றி எழுதினால் 'ஷி வாஸ் அஹெட் ஆஃப் ஹெர் டைம்' என்றுதான் வர வேண்டும். எழுதும்போது 'இட்ஸ்' (its) சொல்லில் அபாஸ்ட்ரஃபி குறி (') வராது. குறி போட்டால் அது 'இட் இஸ்' ஆகிவிடும்.

படி 3: இடம் பார்த்து வையுங்கள்

தமிழில் 'காலத்தை முந்திய எந்திரம்' என்று வருணனையை முன்னால் வைப்போம். ஆங்கிலத்தில் இந்தத் தொடர் பெயருக்குப் பின்னால் வரும்: 'எ மெஷின் அஹெட் ஆஃப் இட்ஸ் டைம்.' அல்லது 'வாஸ்', 'வேர்' போன்ற வினைக்குப் பின்னால் வைக்கலாம். பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான் வரும். காலம் ஓடிய பிறகுதானே முந்தியது எது என்று தெரியும்?

படி 4: எவ்வளவு முந்தியது என்று சொல்லுங்கள்

அழுத்தம் கொடுக்க 'வெரி' போடாதீர்கள், இங்கே அது ஒட்டாது. 'வே', 'ஃபார்', 'வெல்' மூன்றும் சரி. பேச்சில் 'வே அஹெட்', எழுத்தில் 'ஃபார் அஹெட்' நன்றாக இருக்கும். கால அளவையும் சேர்க்கலாம்: 'டெக்கேட்ஸ் அஹெட் ஆஃப் இட்ஸ் டைம்' என்றால் பல பத்தாண்டுகள் முந்தியது.

படி 5: ஒத்த முகங்களிடம் ஏமாறாதீர்கள்

'இட்ஸ்' விட்டுப்போனால் பொருளே மாறிவிடும். 'அஹெட் ஆஃப் டைம்' என்றால் முன்கூட்டியே என்பதுதான். அறிக்கையைக் கெடுவுக்கு முன்பே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதைச் சொல்லுங்கள். அங்கே 'இட்ஸ்' சேர்த்தால் உங்கள் அறிக்கையை உலகம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று ஆகிவிடும்.

'பிஃபோர் மை டைம்' என்றால் நான் பிறப்பதற்கு முன்பு, அல்லது நான் இங்கே வருவதற்கு முன்பு. 'ஹி டைட் பிஃபோர் ஹிஸ் டைம்' என்றால் அகால மரணம், அதை இடம் தெரியாமல் சொல்லிவிடக் கூடாது. 'பிஹைண்ட் த டைம்ஸ்' என்பது எதிர்ப்பொருள், காலத்துக்குப் பின்தங்கியது. அங்கே டைம்ஸ் என்று பன்மை வரும், கவனியுங்கள்.

சரி, இப்போது நீங்களே ஒன்று எழுதிப் பாருங்கள். பட்டாணிச் செடிகளை வைத்து மரபுப் பண்புகள் கடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த கிரெகர் மெண்டல், 1866-ல் தன் கட்டுரையை வெளியிட்டார். அதன் மதிப்பை அறிவியல் உலகம் உணர்ந்தது 1900-ல், அவர் இறந்த பிறகு. ஆளைச் சொல்வதானால் 'மெண்டல் வாஸ் டெக்கேட்ஸ் அஹெட் ஆஃப் ஹிஸ் டைம்.' கட்டுரையைச் சொல்வதானால் 'ஹிஸ் பேப்பர் வாஸ் டெக்கேட்ஸ் அஹெட் ஆஃப் இட்ஸ் டைம்.'