பாட்டைக் கொண்டு பழைய நாள்களை நினைவுக்குக் கொண்டுவருவது எப்படி?

பழைய நாள்களைத் தேடிப் போகிறவர் தமக்கு மிகவும் பிடித்த பாட்டை எடுக்கக் கூடாது. விந்தையாகத் தோன்றினாலும் காரணம் எளியது. பிடித்த பாட்டை ஆண்டுக்கணக்கில் பயணத்திலும் வேலையிலும் கேட்டுக்கொண்டே இருந்திருப்போம்; எண்ணற்ற பொழுதுகள் அதனுடன் ஒட்டிக்கொண்டுவிட்டதால், அவற்றுள் எந்த ஒன்றையும் அது தனியே பிரித்துக் காட்டாது. ஒரு பருவத்தில் விடாமல் கேட்டு, பிறகு அடியோடு விட்டுப்போன பாட்டே நமக்கு வேண்டும். அது பிடிக்காத பாட்டாக இருந்தாலும் குற்றமில்லை. அடுத்த வீட்டில் ஓயாமல் ஒலித்து எரிச்சலூட்டிய பாட்டுகூடப் போதும்.

எந்த வயதில் கேட்ட பாட்டு என்பதும் முக்கியம். ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான நினைவுகள் மற்றப் பருவங்களைவிட அடர்த்தியாகப் பதிந்திருக்கின்றன. உளவியலாளர்கள் இதை நினைவு மேடு என்கிறார்கள். பெற்றோரின் இளமைக் காலப் பாட்டுகளுக்கும் பிள்ளைகளிடம் இத்தகைய மேடு ஒன்று இருப்பதை 2013-இல் ஆய்வாளர்கள் கரோல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் ஜுப்னிக்கும் கண்டறிந்தார்கள். ஆகவே, நாம் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டைப் பட்டியலிலிருந்து தள்ளிவிட வேண்டியதில்லை.

ஒரு நிகழ்ச்சி மனத்தில் பதியும்போது சூழ இருந்தவையும் அதனுடன் சேர்ந்தே பதிகின்றன என்பதும், அச்சூழலின் ஒரு துண்டு திரும்பக் கிடைத்தால் மீதியை எட்டுவது எளிதாகிறது என்பதும் உளவியலாளர்கள் எண்டல் டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973-இல் முன்வைத்த கருத்து. பாட்டு அத்தகைய துண்டுதான். 2009-இல் பீட்டர் ஜனாட்டா வெளியிட்ட மூளைப்பட ஆய்வு, நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி பாட்டின் சுருதி நகர்வைப் பின்தொடர்வதோடு சொந்த வாழ்வின் நினைவு எழும்போதும் செயல்படுவதைக் காட்டியது.

இனிச் செய்முறை. தனியாக அமர்ந்து, ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து இறுதிவரை கேளுங்கள். காட்சியுடன் பார்க்க வேண்டாம். திரையில் ஓடும் படம் உங்கள் படத்தை மறைத்துவிடும். "அன்று என்ன நடந்தது?" என்று மனத்தை விரட்டாமல், பாட்டு எங்கிருந்து ஒலித்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, கையில் என்ன இருந்தது, அருகில் யார் இருந்தார் என்று சுற்றுப்புறத்தைப் பற்றி மனத்திடம் கேளுங்கள். சிலிர்ப்பு மட்டும் வந்து நினைவு எதுவும் வராமல் போவதும் உண்டு. பாட்டின் உச்சக் கட்டத்தை எதிர்பார்க்கும்போதே மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. எனவே அந்தச் சிலிர்ப்பையே நினைவு என்று எண்ணி மயங்க வேண்டாம்.

பாட்டு முடிந்ததும், அதை மீண்டும் ஒலிக்க விடாமல், வந்ததை எழுதிவிடுங்கள். என் அனுபவத்தில் பலர் தவறுவது இங்கேதான்: இன்பமாக இருக்கிறதே என்று பத்து முறை கேட்கிறார்கள், அதன் பிறகு அந்தப் பாட்டு பழைய நாளைவிட இன்றைய நாற்காலியையே அதிகம் நினைவூட்டும். அதே பாட்டை மீண்டும் கேட்பதற்குச் சில மாத இடைவெளி தேவை.

எழுதியதை அப்படியே நம்பவும் வேண்டாம். நினைவு ஒலிப்பதிவு போன்றதன்று. எழும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. பாட்டு வெளியான ஆண்டைத் தேடிப் பாருங்கள். நிகழ்ச்சிக்குப் பின்னால் வந்த பாட்டு அன்று ஒலித்திருக்க முடியாது. அப்படியானால் இரண்டு நாள்கள் உங்கள் மனத்தில் ஒன்றாகிவிட்டன.

துயரம் மிகுந்தால் நிறுத்திவிடுங்கள். பழைய நாள்களுக்கான ஏக்கத்தை இன்று குறிக்கும் நாஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688-இல் மருத்துவர் யோஹானஸ் ஹோஃபர் உருவாக்கியபோது, அது ஊரைப் பிரிந்தவர்களை வாட்டும் நோயின் பெயராகவே இருந்தது.

நினைவிழந்த முதியவருக்காகப் பாட்டுப் போடுபவர் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். இசை நினைவுடன் தொடர்புடைய சில மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் குறைவாகவே சிதைகின்றன என்று 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. அதனால் பெயர்கள் மறந்தவரும் மெட்டை முணுமுணுக்கக் கூடும். அவ்வேளையில் "இது யார் பாடியது?" என்று சோதிக்காமல், ஒலியைத் தாழ்வாக வைத்து உடன் அமர்ந்திருங்கள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பாட்டை நிறுத்திவிடுங்கள்.