பாணை இன்றைக்கு மட்டும் வாங்குங்கள்

தினமும் நடக்க வேண்டுமென்றால் வீட்டில் நாளைக்கான பாணை வாங்கி வைக்காதீர்கள். சந்திக்கடையை விட்டுவிட்டு, 10, 15 நிமிட நடையில் உள்ள பேக்கரி ஒன்றை உங்கள் கடையாக்குங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவர் காலி வீதியிலேயே இரண்டு பஸ் ஹோல்ட் தள்ளிப் போகலாம். போக வர அரை மணித்தியாலம் வரை ஆகிவிடும்.

‘இன்றைக்கு நடப்போமா’ என்று யோசிக்கத் தொடங்கினால்தான் சோம்பல் வெல்லும். இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வேண்டும். வாங்கியபின் திரும்பி வந்தே ஆகவேண்டும், பாதி நடை தானாகவே நடந்துவிடும்.

இது குழம்புவது பெரும்பாலும் வீட்டாரால்தான். வாசலில் சூன் பாண் வண்டியின் இசை கேட்டதும் யாராவது ஓடிப்போய் வாங்கிவிடுவார்கள். முதலிலேயே சொல்லி வையுங்கள். பை பாரமானால் வரும்போது ஓட்டோவைத்தான் தேடுவீர்கள், அதனால் 450 கிராம் இறாத்தல் ஒன்றோடு நிறுத்துங்கள். நடக்கும்போது ஒரு முழு வசனம் பேச மூச்சு வரவேண்டும். வராவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

இருதய சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் வைத்தியர் சொன்ன தூரத்தை மட்டும், வீட்டு ஒழுங்கைக்குள்ளேயே நடக்கட்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பக்கூடாது, இரத்தத்தில் சீனி இறங்கினால் வாயில் போட சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கட்டும்.