பினாங்குத் தெருவில் முரண் தேடும் கண்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கேமராவோடு மலேசியாவின் பினாங்குக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் காட்டும் முதல் நாள் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். லெபோ குயின் (லெபோ என்றால் தெரு) மாரியம்மன் கோயில் வாசலில் கும்பிடும் சீனப் பாட்டி, மசூதிக்குப் பக்கத்தில் மாலை கட்டும் கடை, மூன்று மொழி எழுதிய பெயர்ப்பலகை. "எவ்வளவு முரணா இருக்கு பாருங்கக்கா" என்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதில் முரண் எதுவும் தெரிவதில்லை. தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியெல்லாம் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் ஊரில் இல்லை என்பதற்காக ஒரு காட்சி முரணாகிவிடாது.

தனியாகப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும் இரண்டு விஷயங்கள் ஒரே ஃபிரேமுக்குள் வந்து, "இது எப்படி இங்கே?" என்று உள்ளூர்க்காரரையும் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். நான் தேடுவது அதைத்தான். அதற்கு இந்த ஊரில் எது வழக்கம் என்று முதலில் தெரிய வேண்டும். எனவே முதல் நாள் கேமராவைப் பையிலேயே வையுங்கள். லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் உட்காருங்கள். ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் தெருவைப் பாருங்கள். கடைக்கதவு எப்போது திறக்கிறது, சேலை கட்டிய பொம்மைகளைக் காக்கி லிமாவில், அதாவது கடை முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையில், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், லாரி எங்கே சரக்கு இறக்குகிறது என்று கவனியுங்கள். சாயங்காலம் அதே இடத்துக்குத் திரும்ப வாருங்கள். ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் கடைக்காரரிடம், "அண்ணே, இது தினமும் இப்படித்தானா?" என்று கேளுங்கள். "ஆமாம்மா, தினமும்தான்" என்றால் விட்டுவிடலாம். அவரே வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தால் கேமராவை எடுங்கள்.

மறுநாள் லெபோ ஆர்மேனியன் போவீர்கள், போகாமல் இருக்க மாட்டீர்கள். சுவரில் வரைந்த இரண்டு குழந்தைகள் நிஜ சைக்கிளில் போகும் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் சக்கரேவிச் 2012இல் வரைந்தது. நிஜத்தையும் ஓவியத்தையும் சேர்க்கும் வேலையை அவர் ஏற்கெனவே அழகாக முடித்துவிட்டார். அதை அப்படியே படம் எடுத்தால் உங்கள் கையில் இருப்பது அவருடைய முரண். சுவரை மட்டும் பார்க்காமல், அதன் முன்னால் நிற்கும் கூட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சைக்கிளைத் தொட்டுப் படம் எடுக்கக் காத்திருக்கும் வரிசை சில நாள் தெருவையே மறிக்கும். ஒரு சனிக்கிழமை, பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிய பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டார். மணியை அடித்தார். யாரும் நகரவில்லை, எல்லார் கண்ணும் சுவர்ச் சைக்கிள் மேலேயே இருந்தது. நிஜ சைக்கிள் போக வழியில்லை. ஃபிரேமின் ஒரு ஓரம் சுவரும் குழந்தைகளும், மறு ஓரம் அவருடைய கையும் மணியும். நடுவில் இருந்த முதுகுகள்தான் கதையைச் சொல்லின. எடுத்து முடித்ததும் "அங்கிளுக்கு வழி விடுங்க" என்று நானும் குரல் கொடுத்தேன்.

அந்தப் படத்தில் இரண்டு ஓரமும் தெளிவாக இருந்ததுதான் முக்கியம். பின்னணியை மங்கலாக்கும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. ஃபோனில் போர்ட்ரெயிட் மோடை அணைத்துவிடுங்கள். முழு ஃபிரேம் கேமரா என்றால் 28 மில்லிமீட்டர் லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து 30 மீட்டர் வரை போதுமான தெளிவு கிடைக்கும், ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் தேட வேண்டியதில்லை. ஷட்டர் வேகம் 1/250க்குக் கீழே இறங்கக் கூடாது. காக்கி லிமாவின் நிழலுக்குள் போனால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை, இரண்டாவது பொருள் தெரிந்தாக வேண்டும்.

சில முரண்களில் பாதி முன்கூட்டியே தயாராக இருக்கும். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் பயணக் கப்பல் நிற்கும் நாள்களை இணையத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடக் கட்டிய மணிக்கூண்டு இருக்கிறது, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். கப்பல் அதற்குப் பின்னால் வரும்படி நின்றுகொண்டு, அப்படியே பின்னோக்கி நடங்கள். நீங்கள் பின்னால் போகப் போக மணிக்கூண்டு சீக்கிரம் சுருங்கும், தூரத்தில் நிற்கும் கப்பல் அவ்வளவாகச் சுருங்காது. இப்போது ஃபோனில் 2x அல்லது 3x வைத்துப் பாருங்கள். ஒரு பேரரசின் நினைவுச் சின்னம் கப்பலின் பால்கனிகளுக்குக் கீழே அடங்கிவிடும். அதோடு நிறுத்தாமல் காத்திருங்கள். பிளாஸ்டிக் பூ சுற்றிய பெச்சாவில் (சைக்கிள் ரிக்‌ஷாவில்), பயணி உட்காரும் இருக்கையிலேயே காலை நீட்டித் தூங்கும் ஓட்டுநர் முன்னால் வந்து அமைந்தால் படம் முழுமையாகும். வராவிட்டால் இன்னொரு நாள். தூண்டில் போட்டவர் தண்ணீரைக் கலக்கக் கூடாது, யாரையும் "இங்கே வந்து நில்லுங்க" என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டு நிற்க வைத்தால் அது விளம்பரப் படம்.

ஒன்றுமே அமையாத நாளில் உயரத்தை மாற்றிப் பாருங்கள். புகைப்படக் கலைஞர் எலியட் எர்விட் 1974இல் நியூயார்க்கில் எடுத்த படத்தில் தொப்பி போட்ட ஒரு குட்டி நாய், அதன் பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்கும் பக்கத்தில் ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்திருந்தால் அது நாயோடு உலாவும் ஒருவர், அவ்வளவுதான். கேமரா தரைக்குப் போனதால் யாருடைய கால் எது என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். லெபோ பாசாரில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். நடக்கும் கால்களுக்கு நடுவே சேலைப் பொம்மைகளின் அடிப்பாகம் தெரியும். மேலே பட்டு ஜரிகை, கீழே வெறும் இரும்புக் கம்பி. நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு கடைக்கார அண்ணன், "தங்கச்சி, அங்க ஒண்ணுமே இல்லையே லா" என்றார். திரையைக் காட்டினேன். அப்புறம் அவரும் பக்கத்தில் குந்திவிட்டார்.

சிரிப்பு வரும் படத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஒருவருடைய உடம்பு, வறுமை, வழிபாடு இவற்றைக் கேலியாக்கும் படத்தை, எவ்வளவு நன்றாக அமைந்தாலும், நான் வைத்துக்கொள்வதில்லை. கடல்மேல் மரவீடுகள் நிற்கும் சியூ ஜெட்டி போன்ற இடங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள், படம் எடுக்க வேண்டாம் என்று எழுதிய வாசலுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள். எடுத்த பிறகு யாராவது முறைத்தால், அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டுப் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழியுங்கள்.

படங்களைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே வழிதான் இருக்கிறது. எந்த விளக்கமும் எழுதாமல், ஒரு பினாங்குக்காரருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊர்க்காரர் மட்டும் ஆச்சரியப்பட்டால் அது சுற்றுலாப் படம், வீட்டு ஆல்பத்தில் இருக்கட்டும். இருவரும் "சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டினால் வெறும் அழகான படம். இருவருமே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "இது என்ன, எப்படி?" என்று திருப்பிக் கேட்டால், அதைப் பிரிண்ட் போடுங்கள்.