பழைய வண்டிக்கு ஃபோர்க் ஸ்ப்ரிங்: வாங்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

ஏற்காட்டுல இருந்து அடிவாரத்துக்கு அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது தான் பழைய வண்டியோட முன் ஃபோர்க் எந்த நிலைமையில இருக்குன்னு தெரியும், அஸ்தம்பட்டியில இருந்து அஞ்சு ரோடு வரைக்கும் மெதுவா போயிட்டு வர்றதுல ஒன்னும் தெரியாது. பெண்டுக்கு முன்னாடி பிரேக் புடிச்சதும் மூக்கு கீழ போயிடும், அதே நேரத்துல ஒரு பள்ளம் வந்தா டொக்குன்னு அடிச்சு கை வரைக்கும் உதறும். உடனே பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் ஹார்டு ஸ்ப்ரிங் போடுன்னு சொல்லுவாங்க. போடலாம் தான், ஆனா எவ்ளோ ஹார்டுன்னு தெரியாம போட்டா முன் சக்கரம் சின்ன கல்லுக்கெல்லாம் குதிக்கும், மழைக்கு நனைஞ்ச வளைவுல சக்கரம் ரோட்டை விட்டு குதிக்கறது எவ்ளோ ஆபத்துன்னு சொல்லவே வேண்டாம்.

முதல்ல ஸ்ப்ரிங் மேல பழி போடாம மத்ததை பாருங்க. ஃபோர்க் பைப் லேசா வளைஞ்சிருக்கா, ஆயில் சீல் கசியுதா, கோன் செட் (ஹேண்டில் திரும்பற பேரிங்) ஆடுதா, ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு. ஒன்னு நல்லா மனசுல வெச்சுக்கோங்க, ஆயில் வெயிட்டை தாங்காது, ஃபோர்க் எவ்ளோ வேகத்துல இறங்கி ஏறுதுங்கறதை மட்டும் தான் அது புடிச்சு வைக்கும். கெட்டி ஆயில் ஊத்திட்டா மூக்கு கொஞ்சம் லேட்டா இறங்குமே தவிர தளர்ந்த ஸ்ப்ரிங் சரியாகாது.

இப்ப அளவுக்கு வருவோம். ஃபோர்க் பைப்புல சீலுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் டேக் (கேபிள் டை) கட்டுங்க, ரப்பர் பூட் இருந்தா மேல தூக்கி விட்டுக்கோங்க. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரம் தரையில படாம இருக்கறப்ப டேக்கை சீலோட ஒட்டி தள்ளி வெச்சுட்டு, வண்டியை மெதுவா தரையில இறக்கி திரும்ப தூக்குனா டேக் எவ்ளோ நகர்ந்திருக்கோ அது வண்டியோட வெயிட்டுக்கு மட்டும் ஆன இறக்கம். அப்புறம் ஜாக்கெட் ஹெல்மெட் எல்லாம் போட்டு நீங்க உட்கார்ந்து, ஒருத்தர் பின்னாடி புடிச்சுக்க, அதே மாதிரி அளங்க. உட்கார்ந்து முன்னாடி அமுக்கி மெதுவா மேல வர விட்டு, டேக்கை திரும்ப சீலோட ஒட்டி தள்ளி ஒரு தடவை, மேல தூக்கி மெதுவா இறங்க விட்டு ஒரு தடவை அளந்து ரெண்டுக்கும் நடுவுல எடுத்துக்கோங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப இருந்தா உள்ள எங்கயோ புடிக்குதுன்னு அர்த்தம், புஷ்ஷையும் பைப்பையும் பாக்காம ஸ்ப்ரிங் வாங்காதீங்க.

ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு ஆளோட சேர்ந்து மொத்த டிராவல்ல (ஃபோர்க் முழுசா இறங்கக்கூடிய தூரம்) 25ல இருந்து 35 சதவீதம் இறங்கணும். டிராவல் 120 எம்எம்னு வெச்சுக்கிட்டா 36 எம்எம் பக்கம், ஆள் இல்லாம 15-20 எம்எம். இந்த ரெண்டு நம்பரையும் சேர்த்து பாக்கறது தான் முக்கியம், நிறைய பேர் இதை தான் விட்டுடறாங்க. ஸ்ப்ரிங் மேல ஸ்பேசர் (பைப் துண்டு) வெச்சா வண்டி உயரும், ஆனா ஸ்ப்ரிங் ஹார்டு ஆகாது, முன்னாடியே கொஞ்சம் அமுங்கி நிக்கும் அவ்ளோ தான். அதனால ஆளோட இறக்கம் சரியா இருந்து, ஆள் இல்லாம கிட்டத்தட்ட இறங்கவே இல்லன்னா சாஃப்ட் ஸ்ப்ரிங்கை ஸ்பேசர் வெச்சு இழுத்து நிறுத்தியிருக்கீங்க, அதை விட ஹார்டு வேணும். அதே மாதிரி ஆள் இல்லாமயே ரொம்ப இறங்கிட்டு, நீங்க உட்கார்ந்தா பெருசா மாறலன்னா ஸ்ப்ரிங் தேவைக்கு மேல ஹார்டு.

பின்னாடி காபி மூட்டை கட்டிட்டு இறங்கறவங்க அதுக்காகவே முன்னாடி ஹார்டு கேப்பாங்க. நிக்கற வண்டியில அந்த வெயிட் பெரும்பாலும் பின் ஷாக்குக்கு தான் போகும், முன்னாடி வர்றது இறக்கத்துல பிரேக் புடிக்கறப்ப. உங்க வெயிட்டுக்கு ஸ்ப்ரிங் எடுங்க, பின்னாடி ஷாக்கையும் சரி பண்ணுங்க.

ஆர்எக்ஸ் 100 மாதிரி 1996லயே நின்னு போன வண்டிக்கு கடையில கிடைக்கறதுல நீளம் சரியா இருக்கும், கம்பி தடிமன் வேறயா இருக்கும், வெர்னியர் கொண்டு போங்க. வெளி விட்டமும் சுத்தும் அதே இருந்து கம்பி 4 எம்எம்ல இருந்து 4.2 ஆனாலே கிட்டத்தட்ட கால்வாசி ஹார்டு ஆயிடும், ஏன்னா தடிமனோட நாலாவது அடுக்குல (பவர்ல) ஏறும். சந்தேகம் இருந்தா லேத் பட்டறையில டிரில்லிங் மெஷின் அடியில வெயிட் மெஷின் வெச்சு, வளையாம இருக்க ஸ்ப்ரிங்குக்குள்ள ஒரு ராடு விட்டு 25 எம்எம் அமுக்கி பாருங்க. எத்தனை கிலோ ஏறுதோ அதை 25ஆல வகுத்தா ரேட், அதாவது ஒரு எம்எம் அமுக்க எத்தனை கிலோ வேணும்னு வந்துடும், 15 கிலோ வந்தா எம்எம்முக்கு 0.6 கிலோ. ரெண்டு ஸ்ப்ரிங்கும் ஒரே மாதிரி வரணும், ஒன்னை மட்டும் மாத்தறது வேண்டவே வேண்டாம்.

பழைய ஸ்ப்ரிங்கை வெட்டி மேல பைப் துண்டு வைக்கறதும் தப்பில்ல, சுத்து குறைஞ்சா ஹார்டு ஆகும், பத்துல ஒரு பங்கு வெட்டுனா 11 சதவீதம் ஏறும். வெட்டுன முனைக்கு தட்டையா வாஷர் வைங்க, பைப் நேரா வெட்டியிருக்கணும். மேனுவல்ல சொன்ன நீளத்தை விட சுருங்கி போன ஸ்ப்ரிங்கா இருந்தா வெட்டாதீங்க, புதுசு போடுங்க.

கழட்டும்போது முன் சக்கரம் தூக்கி நிக்கணும், மேல் கிளாம்ப் போல்ட்டை லூஸ் பண்ணிட்டு தான் கேப்பை திருகணும், கடைசி மரையில ஸ்ப்ரிங் கேப்பை மேல தள்ளும், முகத்தை நேரா வெச்சுக்காதீங்க. ஹார்டு ஸ்ப்ரிங் திரும்பி வர்ற வேகமும் ஜாஸ்தி, அதனால 10 டபிள்யூ ஆயில் இருந்த இடத்துல அதை விட கெட்டியான 15 டபிள்யூ தேவைப்படலாம்.

எல்லாம் மாட்டிட்டு டேக்கை சீல் மேல தள்ளி வெச்சு ஏற்காட்டுல இருந்து ஒரு தடவை இறங்குங்க. டேக் கடைசி 10-15 எம்எம் மிச்சம் விட்டு நின்னா ஸ்ப்ரிங் சரி. முழுசா போய் முட்டியிருந்தா ரெண்டு பக்கமும் ஆயில் லெவலை 10 எம்எம் மட்டும் ஏத்திட்டு மறுபடி இறங்கி பாருங்க, அதுக்கு மேல ஏத்தினா சீல் தான் போகும்.