மெயில் நிரல்களில் எது முன்னணி? நாமே எண்ணிப் பார்க்கலாம்

எந்த மெயில் நிரலை (மடல்களைப் படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருளை) எத்தனை சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் வட்ட வரைபடங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆப்பிள் மெயில் முதலிடத்தில் இருக்கும், அடுத்து ஜிமெயில். நம்மைச் சுற்றிப் பார்த்தாலோ கையில் எல்லாம் ஆண்ட்ராய்டு போன். இந்தப் பொருத்தமின்மை எங்கிருந்து வருகிறது என்பது, சின்னதாக ஒரு கணக்கெடுப்பை நாமே நடத்தினால் விளங்கிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஜிமெயில் முகவரி வைத்திருப்பது வேறு, ஜிமெயில் செயலியில் படிப்பது வேறு. ஐபோனோடு வரும் மெயில் செயலியில் தன் ஜிமெயில் கணக்கைச் சேர்த்துப் படிப்பவர், நிரல் கணக்கில் ஆப்பிள் பக்கம்தான் சேருவார். முகவரியின் வாலை வைத்து எண்ணக் கூடாது.

படி 1: மடலின் தலைப்பகுதியைத் திறங்கள்

கணினி உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, யாராவது எழுதிய ஒரு மடலுக்குள் போங்கள். மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று ஒரு தேர்வு வரும். (போன் செயலியில் தேட வேண்டாம், அங்கே இது கிடையாது.) கணினியில் நிறுவும் மெயில் நிரலான தண்டர்பேர்டில் படிப்பவர்களுக்கு கன்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். புரியாத எழுத்துகளாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டே வரிகள்.

ஒன்று, 'எக்ஸ்-மெயிலர்' அல்லது 'யூசர்-ஏஜென்ட்' என்று தொடங்கும் வரி. ஐபோனிலிருந்து வந்த மடலில் ஐபோன் மெயில் என்றும், தண்டர்பேர்ட் மடலில் அதன் பெயரும் இருக்கும். இந்த வரி கட்டாயம் இல்லை என்பதால் பல மடல்களில் இருக்காது. அப்போது 'மெசேஜ்-ஐடி' வரியைப் பாருங்கள். அது மெயில்.ஜிமெயில்.காம் என்று முடிந்தால், பெரும்பாலும் ஜிமெயிலின் வலைப்பக்கத்திலோ செயலியிலோ எழுதியது.

படி 2: ஐம்பது பேரை எண்ணுங்கள்

விரிதாளில் ஆளுக்கு ஒரு வரி. ஒரே நண்பர் இருபது மடல் போட்டிருந்தாலும் ஒருமுறைதான். வங்கி, ரயில் டிக்கெட், ஓடிபி மடல்களை ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் வலைத்தளங்கள் தானாக மடல் அனுப்பப் பயன்படுத்தும் பிஎச்பிமெயிலர் உங்கள் பட்டியலில் முன்னணிக்கு வந்து நிற்கும்!

இந்த முறையில் ஒரு குறை உண்டு. எழுதுபவர்கள் மட்டுமே அகப்படுவார்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருப்பவர்கள்தானே உலகில் அதிகம்? அவர்களை எண்ண வேறு தந்திரம் இருக்கிறது.

படி 3: கண்ணுக்குத் தெரியாத படம்

செய்திமடல் அனுப்புகிறவர்கள் அதற்குள் ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் உள்ள ஒளிபுகு படத்தை வைப்பார்கள். நீங்கள் மடலைத் திறந்ததும் உங்கள் நிரல் அந்தப் படத்தை அவர்களுடைய சர்வரிடம் கேட்கும். கேட்கும்போதே நேரம், ஐபி முகவரி, தன் பெயர் மூன்றையும் சொல்லிவிடும். லிட்மஸ் போன்ற நிறுவனங்கள் வெளியிடும் சந்தைப் பங்கு விவரம் இப்படி வந்த கோரிக்கைகளை எண்ணிப் பெற்றதுதான். நீங்களும் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், வாசகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுதான் மரியாதை.

ஆக, எண்ணப்படுவது படம் இறங்கிய தடவை. மட் போல எழுத்தை மட்டும் காட்டும் நிரல்கள் படத்தைக் கேட்பதே இல்லை. தண்டர்பேர்டும் கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்கும் வெளிப் படங்களை முதலில் தடுத்துத்தான் வைக்கும். 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைக் கூகுளின் இடைச் சர்வர் வழியாகவே எடுக்கிறது. படிப்பவர் போனில் இருக்கிறாரா, கணினியிலா என்பது அதோடு மறைந்துபோனது.

பெரிய அடி 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 உடன் வந்தது. ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, மடலைத் திறக்காவிட்டாலும் ஆப்பிளின் சர்வர்களே படத்தை முன்கூட்டி இறக்கி வைத்துவிடும். வாசகருக்கு நல்லது. கணக்கெடுப்பவருக்குத் தலைவலி.

படி 4: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. 100 பேருக்கு மடல் அனுப்புகிறீர்கள்: ஜிமெயிலில் 60 பேர், ஆப்பிள் மெயிலில் 30, அவுட்லுக்கில் 10. ஜிமெயில்காரர்களில் 24 பேர் திறக்கிறார்கள், 24 படம் இறங்குகிறது. அவுட்லுக்கில் 6 பேர் திறந்தாலும் ஒருவர்தான் படத்தைக் காட்டச் சொல்லி அழுத்துகிறார். ஆப்பிளில் எத்தனை பேர் திறந்தாலும் சரி, 30 படமும் இறங்கிவிடும் என்று வையுங்கள்.

மொத்தம் 55 படம். ஆப்பிளின் பங்கு 54.5 சதவீதம், ஜிமெயில் 43.6, அவுட்லுக் 1.8. நூற்றுக்கு முப்பது பேர் வைத்திருக்கும் நிரல் பாதியைத் தாண்டிவிட்டது. பத்து பேர் வைத்திருப்பது கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, கூட்டலும் சரிதான்.

படி 5: உங்கள் லாகைப் பிரித்துப் பாருங்கள்

சொந்தச் செய்திமடல் இருந்தால் சர்வர் லாகில் (வந்த கோரிக்கைகளைச் சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டில்) அந்தப் படத்துக்கு வந்த கோரிக்கைகளைத் தேடுங்கள். கூகுள் இமேஜ் ப்ராக்ஸி என்ற பெயர் இருந்தால் ஜிமெயில். வேறு எந்த விவரமும் இல்லாமல் வெறும் 'மொசில்லா 5.0' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஆப்பிளின் முன்கூட்டிய இறக்கம்; அதைத் 'திறந்தவர்' என்று எழுதாமல் விரிதாளில் தனி நெடுவரிசையில் போடுங்கள். அப்புறம் ஒருவரே நாலு முறை திறந்திருப்பார், ஆளுக்கு ஒன்று என்று சுருக்குங்கள். ஒவ்வொருவருக்கும் படத்தின் பெயரைத் தனித்தனியாக வைத்திருந்தால்தான் இது முடியும்.

திறந்ததை விட்டுவிட்டு, மடலுக்குள் இருக்கும் இணைப்பை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பார்க்கவே எனக்குப் பிடிக்கும். அதிலும் அலுவலக வைரஸ் சோதனைச் சர்வர்கள் சில நம்மை முந்திக்கொண்டு எல்லா இணைப்புகளையும் அழுத்திப் பார்க்கும். மடல் அனுப்பிய சில நொடிகளிலேயே வந்துவிட்ட அழுத்தங்களைக் கழித்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள்.