மனநோய்க்குப் பிறகு மறுபடி அக்கவுண்ட்ஸ் வேலை: எங்கிருந்து தொடங்குவது?

மனச்சோர்வோ, பைபோலாரோ (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது), சைக்கோசிஸோ (நிஜம் எது என்ற உணர்வு தவறுவது), நோய் எதுவானாலும் அதனால் வேலையை விட்டு ஓரிரண்டு வருடம் வீட்டில் இருந்தவர்கள் தேறி வந்ததும் முதலில் செய்வது பழைய பயோடேட்டாவில் தேதியை மாற்றி நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றுவது. மற்ற துறைகளில் அது சரி. வங்கி, என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்), ஆடிட் ஆபீஸ், ஷேர்டு சர்வீசஸ் (பெரிய கம்பெனிகளின் கணக்கு வேலையை ஓரிடத்தில் செய்யும் மையம்) என்று நிதி சார்ந்த வேலை தேடுகிறவர்கள் அதைக் கடைசியில் செய்யலாம். இந்தத் துறையில் ஆளைவிடக் காகிதத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். நீங்கள் சொல்லும் தேதியும் பிஎஃப் கணக்கில் இருக்கும் தேதியும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் பாதித் தேர்வு முடிந்துவிடும். உங்கள் நோய் என்னவென்று அந்தக் காகிதங்கள் சொல்லாது. ஆனால் பொய் சொன்னால் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 1: மருத்துவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"நான் வேலைக்குப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டால் "போகலாமே" என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வேலையை விவரித்துக் கேளுங்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் குளோசிங், நாலைந்து நாள் இரவு ஒன்பது பத்து மணி ஆகும், தாங்குமா? அமெரிக்க ஷிப்ட் என்றால் மாலை ஆறரைக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரை வரை போகும், எனக்கு ஒத்துவருமா? பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே நோயைத் திரும்பக் கிளப்பிவிடக்கூடும். அதனால் கூடுதலாக எவ்வளவு கொடுத்தாலும் இரவு ஷிப்ட் வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. காலையில் மந்தமாக இருக்கிறது என்றால் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இன்டர்வியூவுக்காக நீங்களே மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

படி 2: காகிதங்களைச் சேருங்கள்

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான்.

முதலில் யூஏஎன், அதாவது உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண். அதை வைத்து, பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ தளத்தில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். நோய் முற்றிய நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையிலிருந்து நின்றவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அங்கே விலகிய தேதியே பதிவாகியிருக்காது. கடைசியாக பிஎஃப் கட்டி இரண்டு மாதம் கழிந்திருந்தால் அந்தத் தேதியை நீங்களே பதிவு செய்யலாம். பழைய முதலாளியின் தயவு வேண்டியதில்லை.

ரிலீவிங் லெட்டருக்கு மட்டும் தயவு வேண்டும். பழைய எச்ஆருக்கு நாலு வரி மெயில் போதும்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினேன். உடல்நலக் குறைவால் நோட்டீஸ் காலத்தை முடிக்க இயலவில்லை. நிலுவை ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள், செலுத்திவிடுகிறேன். பணி விடுவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டுகிறேன்." பழைய மேனேஜர் படுத்திய பாட்டை இதில் எழுதாதீர்கள். அவர் படுத்தியிருக்கலாம், இந்த மெயிலுக்கு அது வேண்டாம்.

அடுத்தது கடன் அறிக்கை. வங்கிகளும் என்பிஎஃப்சிகளும் ஆள் எடுக்கும்போது இதைப் பார்க்கும் வழக்கம் உண்டு. வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ்ஸின் அறிவிப்புகளிலேயே கடன் வரலாறு பற்றிய நிபந்தனை இருக்கிறது. நோய்க்காலத்தில் அடிபடுவதும் இதுதான். மேனியாவின்போது (பைபோலாரில் உற்சாகம் எல்லை மீறும் கட்டம்) கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தள்ளியிருப்பீர்கள். அல்லது படுக்கையை விட்டு எழ முடியாத மாதங்களில் இஎம்ஐ விட்டுப்போயிருக்கும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் படியுங்கள். ஸ்கோர் 300க்கும் 900க்கும் நடுவே ஒரு எண், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். 'குளோஸ்டு' என்றால் நல்லது. 'செட்டில்டு' என்றால் பாதியைக் கட்டி மீதியை வங்கி விட்டுக்கொடுத்தது என்று பொருள், கேள்வி வரும். முடிந்தால் மீதியைக் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்கி, பதிவை மாற்றச் சொல்லுங்கள். தவறான பதிவு என்றால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 3: விட்டுப்போனதைப் பிடியுங்கள்

நீங்கள் படுத்திருந்த நேரத்தில் சட்டம் படுத்திருக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கிவிட்டன. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டம் போய் 2025ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் ஒழிந்து இப்போது 'வரி ஆண்டு' ஒன்றுதான். வருடம் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின் விலைப்பட்டியல்) கட்டாயம். இன்டர்வியூவில் இந்த மூன்றையும் பிசிறில்லாமல் சொன்னால், இடைவெளி பற்றிய சந்தேகத்தில் பாதி போய்விடும்.

கை பழக, உங்கள் பாஸ்புக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத வரவு செலவை எக்செலில் ஏற்றி, வங்கி ஸ்டேட்மென்டோடு பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டு, அதாவது இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் எங்கே என்று பாருங்கள். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளை லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும், பழகுவதற்கு அது தாராளம். முதலில் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் போதும். இரண்டு மணி நேரம் எழாமல் உட்கார்ந்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடிகிற வரைக்கும் விண்ணப்பிப்பதை நிறுத்திவையுங்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போக விருப்பம் என்றால் அதை விற்பவர்களுக்கான என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வு எழுதலாம். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். பயோடேட்டாவில் புதிய தேதியோடு ஒரு வரி சேர்வது அதைவிடப் பெரிய லாபம்.

படி 4: எங்கே விண்ணப்பிப்பது

சின்ன ஆடிட் ஆபீஸ். சம்பளம் குறைவு, மரியாதை ஆடிட்டரைப் பொறுத்தது. ஆனால் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ரிட்டர்ன், டாக்ஸ் ஆடிட் என்று அவர்களுக்கு ஆள் போதாது. தற்காலிகமாகச் சேர்ந்து ஒரு சீசன் முடித்தால், சமீபத்திய அனுபவமும் ரெஃபரன்ஸ் கொடுக்க ஒரு ஆளும் கிடைத்துவிடும். தொடங்குவதற்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

சென்னை ஓஎம்ஆர் பக்கத்து ஷேர்டு சர்வீசஸ் கம்பெனிகளில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா நிறுவனங்களுக்கான வேலையைக் கேளுங்கள், ராத்திரி முழுக்க விழிக்க வேண்டியிராது.

பொதுத்துறை வங்கி என்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் மனநோயும் ஒரு வகை. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று அரசு மருத்துவக் குழு சான்று தந்தால், மனநோய் உள்ளிட்ட சில பிரிவினருக்குச் சேர்த்து ஒதுக்கியிருக்கும் 1 சதவீதத்தில் போட்டியிடலாம், வயது வரம்பிலும் 10 வருடத் தளர்வு உண்டு. சான்று வாங்குவது உங்கள் விருப்பம். அதை வாங்கு என்றோ வாங்காதே என்றோ வீட்டார் நெருக்க இடம் கொடுக்காதீர்கள்.

படி 5: அந்தக் கேள்வி

"நடுவில இரண்டு வருஷம் என்ன பண்ணீங்க?"

கேட்காமல் விடமாட்டார்கள். பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: "உடல்நலக் காரணத்துக்காக இடைவெளி எடுத்தேன் சார். இப்ப சரியாயிடுச்சு, முழுநேர வேலைக்குத் தயாரா இருக்கேன். இந்த ஆறு மாசமா புது ஜிஎஸ்டி ரேட்டெல்லாம் படிச்சு, ரீகன்சிலியேஷன் பயிற்சி எடுத்துட்டிருக்கேன்." முடிந்தது. நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். அமைதி நீண்டால் அதை நிரப்பத் துடிப்போம், அங்கேதான் தேவையில்லாததெல்லாம் வெளியே வரும்.

நோயின் பெயரை இன்டர்வியூவில் சொல்ல வேண்டியதில்லை. "என்ன உடம்புக்கு?" என்று துருவினால், "டாக்டர் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கார், தேவைன்னா தரேன்" என்று சொல்லுங்கள். அந்தச் சான்றில் நோயின் பெயரைக் குறிக்காமல் பணி செய்யத் தகுதியானவர் என்று மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது, மனநல பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவுப்படி அவருக்குக் கடமை.

ஆனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மாமா கடையில் கணக்குப் பார்த்தேன் என்று கதை கட்டாதீர்கள். போலி அனுபவச் சான்று தரும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள். பிஎஃப் பதிவு இல்லை, 26ஏஎஸ் என்ற வரிப் பதிவேட்டில் டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வரி) இல்லை என்றதும் வெரிஃபிகேஷன்காரர் அடுத்த நிமிடம் மெயில் போட்டுவிடுவார். இடைவெளியை மன்னிக்கும் மேனேஜர்கள் உண்டு. பணத்தைக் கையாளும் வேலையில் பொய்ச் சான்றை யாரும் மன்னிப்பதில்லை.

ஆஃபர் கைக்கு வந்த பிறகு, சலுகை ஏதாவது தேவைப்பட்டால் எச்ஆரிடம் எழுதிக் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது, அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேளுங்கள். "மனரீதியா கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் வேண்டும், மாதம் ஒரு நாள் மருத்துவரைப் பார்க்க அரை நாள் விடுப்பு வேண்டும்" என்று கேட்டால் கொடுப்பதோ மறுப்பதோ தெளிவாகிவிடும்.

படி 6: சேர்ந்த பிறகு

முடிந்தால் மாதக் கடைசிக் குளோசிங் முடிந்தபின் சேரும் தேதி கேளுங்கள். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச்சில் சேராதீர்கள். ராத்திரியில் நிலைமை கைமீறினால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

மருத்துவரைப் பார்க்கும் நாளையும் கணக்குக் காலண்டரை வைத்தே முடிவு செய்யுங்கள். கெடு நாட்கள் இவை: 7ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ஜிஎஸ்டி ரிட்டர்ன்), 15 பிஎஃப், 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்). 26க்கு மேல் குளோசிங் நெருங்கிவிடும். மிஞ்சுவது 21லிருந்து 25 வரைதான். அந்த ஐந்து நாளுக்குள் ஒரு நாளை வருடம் முழுவதற்கும் இப்போதே பதிவு செய்து வைத்தால், "இன்னிக்கு ஃபைலிங், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று மருந்துச் சீட்டு காலாவதியாகாது.